மழையும் மின்சாரமும் சந்திக்கும் சுவர்

பெல்மதுளையிலிருந்து நோனாகம நோக்கிப் போகும் ஏ18 வீதியில் காவத்தை, கொடகவெல என்று ஊர்கள் கடக்கக் கடக்கத் தேயிலை மலைகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. எம்பிலிப்பிட்டியவை எட்டும்போது வயலும் வாழையும் குளமுமாக நிலம் தட்டையாகிவிடும். இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் மழை இங்கே அதில் பாதிகூடத் தேறாது. ஆனால் அது பெய்கிற விதத்தைக் கவனிக்க வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் காலையிலிருந்து வெயில் சுவரைச் சுடும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேகம் கறுத்து, இடியோடு ஒரு பாட்டம் ஊற்றித் தீர்க்கும். வெளிச்சுவரில் நாம் பொருத்துகிற விளக்கு அந்தச் சூட்டையும் அந்த மழையையும் ஒரே நாளில் தாங்க வேண்டும்.

வீட்டுக்குள் எரியும் பல்புக்கு இந்தச் சோதனை இல்லை. உள்ளே பல வருடம் உழைக்கிற அதே ஹோல்டரையும் வயரையும் வெளியே மாட்டினால் இரண்டு மழைக்காலத்தில் துருவும் வெடிப்பும் கண்டுவிடும். கேடு விளக்கோடு நின்றால் காசு நட்டத்தோடு போகும். அது சுவர் வழியாக, கம்பி வழியாக, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிறவரிடம் வந்து சேரும்போதுதான் பெரிய விஷயமாகிறது.

எம்பிலிப்பிட்டியவில் ஒரு வாசல் விளக்கு எரிகிறதென்றால், அதற்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு வளவை கங்கையின் நீரிலிருந்தே பிறந்திருக்கலாம். பலாங்கொடைக்கு அருகே 1992இல் இயங்கத் தொடங்கிய சமனலவெவ நிலையத்தின் கொள்ளளவு 120 மெகாவாற். அந்த ஆறுதான் பின்பு உடவளவை நீர்த்தேக்கத்தை நிரப்பி வயல்களுக்குப் போகிறது. நீரில் பிறந்த மின்சாரம் மறுபடி நீரை எதிர்கொள்ளும் இடம் நம் வீட்டு வெளிச்சுவர்.

சுவரில் ஒரு துளை

விளக்கை முதலில் சுவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆணியை நேரே செங்கல்லில் அடித்தால் கல் பொடிந்து, சில மாதத்தில் ஆணி ஆடத் தொடங்கும். இதற்கு வழி கண்டதும் மின்விளக்கு வேலையின்போதுதான். 1911ஆம் ஆண்டு வாக்கில் இலண்டனில் ஜோன் ஜோசப் ரோலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் பிரித்தானிய நூதனசாலையின் சுவர்களில் மின் சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. சுவருக்குச் சேதம் வரக்கூடாது. அவர் சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் சிறு குழாயாக்கினார். துளைக்குள் அதைச் செருகி நடுவே திருகாணியை முறுக்கினால் குழாய் விரிந்து துளையின் பக்கங்களை அழுத்தும். அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. இன்று ஹார்ட்வெயார் கடையில் பக்கற்றாக வாங்கும் பிளாஸ்டிக் ரோல் பிளக்கும் அதே உராய்வை நம்பித்தான் நிற்கிறது.

ஆகவே பிளக் எதற்குள் விரிகிறது என்பது முக்கியம். சுவரின் மேற்பூச்சுக்கு உராய்வைத் தாங்கும் வலு கிடையாது. பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் பிளக்கின் நீளம் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் துளைத்தால் பிடி தளரும். திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. அலுமினிய விளக்கில் பித்தளைத் திருகாணியைப் போட்டு, நடுவில் மழைநீரும் தேங்கினால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடும். அந்த மின்கலத்தில் கரைந்துபோவது அலுமினியம்தான்.

வயர் வெளியே வரும் துளைக்கு வேறொரு கணக்கு. அது உட்பக்கம் உயர்ந்து வெளிப்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருக்க வேண்டும். மட்டமாகத் துளைத்தால் காற்றோடு அடிக்கிற மழை உள்ளே வந்துவிடும். நீர் கீழே சொட்டுவதோடு நிற்காமல், தான் தொட்ட பரப்பைப் பற்றிக்கொண்டு நடக்கவும் செய்யும். வயரின் மேல்தோலைப் பிடித்துக்கொண்டு அது விளக்கு வரை வந்து சேரும். அதைத் தடுக்க வயரைச் சற்றுத் தாழத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி விளக்கின் அடிப்பக்கமாக உள்ளே நுழைக்க வேண்டும். நீர் அந்த வளைவின் அடிமட்டம் வரை வந்து, மேலேற முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். காசு செலவில்லாத பாதுகாப்பு இது. பழைய கம்பி வேலைக்காரர்கள் கேட்காமலே செய்து கொடுப்பார்கள். அவசரமாக வேலை முடிக்கிறவர்கள் வயரை மிச்சம் பிடிப்பதற்காக நேரே இழுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது சிலிக்கன் பசை. விளக்கின் அடித்தட்டுக்கும் சுவருக்கும் இடையில் மேல்பக்கமும் இரண்டு ஓரமும் பூச வேண்டும், கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விட வேண்டும். நான்கு பக்கமும் பூசி அடைப்பதுதான் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பது ஏன் தவறு என்பதற்கு விளக்கின் உள்ளே இருக்கும் காற்றைப் பார்க்க வேண்டும்.

விளக்கு மூச்சு விடுகிறது

வெளி விளக்கின் பெட்டியில் ஐபி44, ஐபி65 என்று ஓர் எண் இருக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60529ஆம் இலக்கத் தரம் வகுத்தது அது. முதல் இலக்கம் தூசியையும் கம்பி போன்ற திடப்பொருள்களையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும். அந்த வரிசையில் 6 என்பது உச்சம். இரண்டாவது இலக்கம் நீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீற்றர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லீற்றர் வீதம் பீச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கடித்துச் சோதித்தது.

இந்தச் சோதனைகளில் எம்பிலிப்பிட்டியவின் பிற்பகல் கிடையாது. மேற்குப் பார்த்த சுவரில் கறுப்பு நிற உலோக விளக்கு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் அதன் உட்காற்று 55 பாகை செல்சியஸ் வரை ஏறுகிறது. காற்று விரிந்து, இருக்கிற இடுக்குகள் வழியாக ஒரு பகுதி வெளியேறுகிறது. பிறகு மழை அடிக்கிறது. சில நிமிடத்தில் விளக்கு 25 பாகைக்குக் குளிர்கிறது. இப்போது இடுக்குகள் எல்லாவற்றையும் நீர் மூடியிருக்கிறது, வெளிக்காற்று திரும்பி வர வழியில்லை. உள்ளே அழுத்தம் எவ்வளவு குறையும்? வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதமானது. 55 பாகை என்பது 328 கெல்வின், 25 பாகை என்பது 298 கெல்வின். குறைவு ஏறத்தாழ 9 சதவீதம். வளிமண்டல அழுத்தம் பத்து மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீர்த்தூணுக்குச் சமம் என்பதால், இந்த 9 சதவீதம் 90 சென்ரிமீற்றருக்கும் அதிகமான நீர்த்தூணின் இழுவை. ஸ்ட்ரோ போட்டுச் செவ்விளநீர் உறிஞ்சுவது போல, விளக்கு தன் மேல் ஓடும் மழைநீரைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

குழாயால் பீச்சிச் சோதித்துத் தேறிய விளக்குக்குள் கண்ணாடியின் அடியில் நீர் தேங்கி நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம். மழை இல்லாத இரவிலும் விளக்கு ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அதில் உள்ள ஆவி குளிர்ந்த கண்ணாடியில் வியர்க்கும். நாளுக்கு ஒரு துளிக்கும் குறைவுதான். ஆனால் வெளியேற வழியில்லாவிட்டால் அது சேர்ந்துகொண்டே போகும்.

வழி இரண்டு. ஒன்று, உள்ளே வரும் நீர் வெளியேற அடிமட்டத்தில் ஒரு சிறு துளை. பல விளக்குகளில் அந்த இடத்தைக் குறித்தே விற்கிறார்கள், மாட்டும் பக்கத்துக்கு ஏற்ப நாம் திறந்துகொள்ள வேண்டும். மற்றது, காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மென்சவ்வு. 1969இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் டெஃப்லோனைச் சட்டென்று இழுத்து விரித்தபோது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருள் கிடைத்தது. ஆவியும் காற்றும் அதன் வழியே போகும், நீர்த்துளி போகாது. நல்ல வெளி விளக்குகளில் காசளவு வட்டமாக இந்தச் சவ்வு ஒட்டப்பட்டிருக்கும். அழகுக்காக அதன்மேல் பெயின்ற் அடித்துவிடாதீர்கள்.

துளை விட்டால் எறும்பும் பல்லியும் வருமே என்ற கவலை நியாயமானது. விளக்கின் முனையங்களுக்கு இடையில் செத்துக் கிடக்கும் பல்லி மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும். வயர் நுழையும் வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கி, வடிகால் துளையை மட்டும் மிகச் சிறிதாக விடுவதே சரி.

எவ்வளவு வெளிச்சம், எந்தப் பக்கம்

சப்ரகமுவவில் வெளி விளக்கு ஆடம்பரம் இல்லை. இலங்கையில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் வீடு வீடாகச் சென்று நடத்திய தேசிய ஆய்வு ஒன்று, ஓராண்டில் நாட்டில் 80,000க்கு மேற்பட்டவர்களைப் பாம்பு தீண்டுகிறது என்று மதிப்பிட்டது. இறப்புகள் 464. அந்த ஆய்வு 2016இல் வெளியானது. இறக்குவானைப் பக்கம் லயத்திலிருந்து பீலிக்கோ கழிப்பறைக்கோ இருட்டில் நடக்கிற பெண்ணுக்கும், எம்பிலிப்பிட்டியவில் வாய்க்கால் வரம்பில் வீடு திரும்புகிறவருக்கும் காலடி தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் காலடி தெரிய எவ்வளவு ஒளி வேண்டும்? நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. 9 வாற் எல்இடி பல்ப் ஏறத்தாழ 800 லூமன் தருகிறது. எல்லாப் பக்கமும் சமமாகப் பரவினால் 3 மீற்றர் தூரத்தில் கிடைப்பது சுமார் 7 லக்ஸ். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பதால் 6 மீற்றரில் 2 லக்ஸை ஒட்டி இருக்கும். இது குறைவாகத் தோன்றலாம். தெளிந்த வானில் போயா நிலவு தருவதோ கால் லக்ஸ் அளவுதான். அந்த ஒளியிலேயே நம் பாட்டன்மார் தோட்டப் பாதையில் நடந்தார்கள். சாதாரண 9 வாற் பல்ப் ஒன்று முற்றத்தில் நிலவைப் போல இருபது மடங்குக்கு மேல் ஒளியைக் கொட்டுகிறது.

இதை மறந்து 50 வாற் ஃபிளட் லைட்டைக் கண்ணுக்கு நேரே தெரியும்படி மாட்டுவது இப்போது எல்லா ஊரிலும் பரவிவிட்டது. என் பார்வையில் அது வெளிச்சத்தைக் கெடுக்கும் வேலை. இருட்டுக்குப் பழக நம் விழித்திரைக்கு அரை மணி நேரம் பிடிக்கும், அந்தப் பழக்கத்தைக் கலைக்கச் சில நொடி போதும். கூசும் விளக்கைப் பார்த்த கண்ணுக்கு அதன் பக்கத்திலுள்ள நிழல் முழு இருட்டாகிவிடுகிறது. திருடன் நிற்பதும் பாம்பு கிடப்பதும் அந்த நிழலில்தான். விளக்கின் மேல் ஒரு மூடி இருந்து ஒளி நிலத்தை நோக்கி மட்டும் விழுந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு வாற்றில் அதிகம் தெரியும். செலவுக் கணக்கும் அதையே சொல்கிறது. இரவு 11 மணி நேரம் எரிந்தால் 50 வாற் விளக்கு மாதத்துக்கு 16 அலகுக்கு மேல் இழுக்கும், 9 வாற் விளக்கு 3 அலகு. 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்ததைக் கண்ட நாட்டில் இந்த வித்தியாசத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சர் லைட் நல்ல ஏற்பாடு. உடல் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர், சுற்றுப்புறத்தின் கதிரிலிருந்து மாறுபடுவதைத்தான் அது உணர்கிறது. ஆகவே மனிதத் தோலும் சுவரும் ஒரே சூட்டில் இருந்தால் அதற்குக் கண் மங்கும். எம்பிலிப்பிட்டியவில் பகல் முழுவதும் சுட்ட சுவர் ஆறாத முன்னிரவில், நுவரெலியாவில் எட்டு மீற்றரில் ஆளைக் கண்டுபிடிக்கும் சென்சர் அதைவிடக் கிட்ட வந்தால்தான் விழிக்கும். நேரே அதை நோக்கி நடப்பவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது எளிதில் பிடிக்கும் என்பதால், பாதைக்குப் பக்கவாட்டில் பார்க்கும்படி மாட்ட வேண்டும்.

ஈசலின் முதுகு

முதல் மழை பெய்த அந்தியில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஏன் மொய்க்கின்றன? நிலவைப் பார்த்துத் திசையறியும் பூச்சி விளக்கை நிலவென்று நம்பி ஏமாறுகிறது என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். 2024 ஜனவரியில் சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இலண்டன் ஆய்வுகூடத்திலும் கொஸ்ரரிகாவின் காட்டிலும் அதிவேகக் கமராக்களால் அவர்கள் பூச்சிகளைப் படம் பிடித்தார்கள். பறக்கிற பூச்சி பெரும்பாலும் தன் முதுகை ஒளிப்பக்கம் திருப்பிக்கொள்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவிலும் வானம் தரையைவிட வெளிச்சமாக இருந்தது. முதுகை வெளிச்சத்துக்குக் காட்டினால் உடல் நேராக இருக்கும், அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பக்கவாட்டில் ஒரு பல்ப் எரியும்போது அதே பழக்கம் பூச்சியைச் சாய்த்து, வளைந்து வளைந்து அதையே சுற்ற வைக்கிறது. விளக்குக்கு மேலாகப் பறந்தால் முதுகைக் கீழே திருப்பிக் கவிழ்ந்து விழுகிறது. ஒளியின் மேல் ஆசைப்பட்டு அவை வருவதில்லை. கடந்து போகிற வழியில் சிக்கிக்கொள்கின்றன.

இதிலிருந்து சுவருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. மேல்நோக்கி ஒளி வீசும் அலங்கார விளக்குகள்தான் பூச்சிக்கு மிகக் கொடியவை. கீழ்நோக்கி மூடி போட்ட விளக்கில் அகப்படும் பூச்சி குறையும். நீலம் மிகுந்த 6500 கெல்வின் வெள்ளையைவிட 2700 கெல்வின் மஞ்சள் ஒளிக்குப் பொதுவாகப் பூச்சி குறைவாகவே வருகிறது, பூச்சிகளின் கண் புறஊதாவுக்கும் நீலத்துக்கும் கூர்மையானது என்பதால். நம் கடைகளில் வெள்ளைதான் அதிகம் விற்கிறது. மஞ்சளைக் கேட்டு வாங்குங்கள்.

பூச்சி குறைவது வாசலுக்கும் நல்லது. பூச்சி விழுகிற இடத்துக்குப் பல்லியும் தேரையும் வரும், தேரையைத் தேடுகிற பாம்புக்கு வழி தெரியும். அதனால் விளக்கைக் கதவு நிலைக்கு நேர் மேலே மாட்டாமல், சற்றுத் தள்ளி, நடக்கிற பாதையில் ஒளி விழும்படி மாட்டுவதையே நான் விரும்புவேன்.

30 மில்லி அம்பியர்

இனி அதி முக்கியமான விஷயம். ஈரமான கையோடு, வெறுங்காலோடு, நனைந்த தரையில் நிற்கும் ஒருவர் கசிவுள்ள விளக்கைத் தொடுகிறார். ஈர உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அவர் வழியாக 230 மில்லி அம்பியரைச் செலுத்தும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் டால்சீல், தன்விருப்பத்தோடு முன்வந்தவர்களிடம் நடத்திய சோதனைகளில், பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 மில்லி அம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் கைத்தசை இறுகிவிடும், கை கம்பியை விடாது. சில பத்து மில்லி அம்பியர் ஒரு நொடிக்கு மேல் நெஞ்சு வழியே போனாலே இதயத்தின் தாளம் குலையலாம்.

அந்த நேரத்தில் பெட்டியிலுள்ள சாதாரண பிரேக்கர் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 230 மில்லி அம்பியர் என்பது 50 வாற் விளக்கு ஒன்று இழுக்கிற அளவு. 6 அம்பியருக்கு மேல் போனால்தான் விழ வேண்டும் என்று அமைக்கப்பட்ட பிரேக்கருக்கு, துடித்துக்கொண்டிருக்கும் மனிதரும் எரிகிற விளக்கும் ஒன்றுதான். அது காப்பது வயரை. மனிதரைக் காப்பதற்கு ட்ரிப் சுவிட்ச் வேண்டும்.

அதன் இயக்கம் எளிமையானது. வீட்டுக்குள் போகும் லைவ் கம்பியும் திரும்பும் நியூட்ரலும் சேர்ந்து ஒரு காந்த வளையத்தின் நடுவே போகின்றன. போன அளவே திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து வளையம் சும்மா இருக்கும். போனதில் 30 மில்லி அம்பியர் ஒரு மனிதர் வழியாக மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றிய சுருளில் மின்சாரத்தைத் தூண்டிச் சுவிட்சைத் தள்ளிவிடும். கசிவு 30 மில்லி அம்பியர் என்றால் அதிகபட்சம் 0.3 நொடியிலும், 150 என்றால் 0.04 நொடியிலும் அது விழ வேண்டும் என்பது தரம். இதயம் ஒரு முறை துடித்து முடிக்க ஏறத்தாழ 0.8 நொடி எடுக்கிறது. டால்சீலே 1961இல் இத்தகைய சாதனம் ஒன்றை உருவாக்கினார்.

இலங்கை வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் கம்பி நிலத்தில் இறக்குவது வழக்கம். எர்த் இருக்கிறதே, ட்ரிப் சுவிட்ச் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 50 ஓம் என்றால், கசிவு ஏற்படும்போது 230ஐ 50ஆல் வகுத்தால் வரும் 4.6 அம்பியர்தான் ஓடும். 6 அம்பியர் பிரேக்கர் அதற்கும் அசையாது, விளக்கின் உலோக உடல் மின்னேறியபடியே இருக்கும். அதிலும் எம்பிலிப்பிட்டியவில் ஆண்டின் நடுப்பகுதியில் மாதக்கணக்கில் மண் காய்ந்துவிடுகிறது. மண் காயக் காய எர்த்தின் தடை பல மடங்கு ஏறும். மழைக்காலத்தில் சோதித்து நன்றாக இருந்த எர்த் ஓகஸ்ட்டில் பயன்படாமல் போகலாம். கசிவு 30 மில்லி அம்பியரை எட்டினாலே விழுந்துவிடுகிற ட்ரிப் சுவிட்சுக்கு அந்த எர்த்தும் போதும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒரு கையால் லைவையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டவரை அது காப்பாற்றாது, ஏனென்றால் அங்கே போனது முழுவதும் திரும்பிவிடுகிறது.

தோட்டத்து லயங்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பிராக்கள், பழைய மரச்சட்டம், ஒட்டடை, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. கரண்ட் வந்த பிறகு குடும்பம் பெருகப் பெருக, இஸ்தோப்புக்கு ஒரு பல்ப், பின்பக்கம் ஒன்று, பக்கத்துக் காம்பிராவுக்கு ஒன்று என்று வயரை முறுக்கி ரேப் சுற்றி இழுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். முறுக்கிய இடம் ஈரத்தில் கறுத்துத் தடை ஏறும். ஏறிய தடையில் மின்சாரம் சூடாக மாறும். சுவரின் ஈரத்தில் 300 மில்லி அம்பியர் கசிந்தாலே ஒரு புள்ளியில் 69 வாற் சூடு சேர்கிறது, காய்ந்த மரத்தைப் பற்ற வைக்க அது போதும். 'மின்னொழுக்கினால் லயன் குடியிருப்பில் தீ' என்ற செய்தி மலையகத்தில் பத்திரிகை வாசிக்கிற எவருக்கும் பழகிப்போயிருக்கிறது. அது பழகிப்போனதுதான் எனக்கு வேதனை. அந்தக் கசிவை நெருப்பாகும் முன்பே அறுக்கிற சாதனம் இருக்கிறது. அதைக் காம்பிராவுக்கு ஒன்றாகப் பொருத்திக் கொடுப்பது தோட்ட நிர்வாகங்களால் முடியாத காரியம் இல்லை.

உடவளவை தேசிய பூங்காவை அண்டிய கிராமங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பூங்காவைச் சுற்றிய யானை வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தாலும், அது ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, மிகச் சிறிய துடிப்பாகவே வருகிறது. தொட்டது யானையோ மனிதரோ உதறிவிட்டு விலக நேரம் கிடைக்கும். வெளி விளக்குக்கு இழுத்த வயரிலிருந்து பயிர் வேலிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் அந்த இடைவெளி இல்லை. இந்தச் சட்டவிரோத வேலிகளில் இலங்கையில் யானைகளும் மனிதர்களும் தொடர்ந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யக்கூடாது.

வயரிங் நம்பத்தக்கதாக இல்லாத வீட்டில் வெளிச்சுவருக்கு சூரிய விளக்கே சிறந்தது என்பது என் முடிவு. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்த காலத்தில் பலருக்கும் அது பழக்கமானது. அதற்குள் இருக்கும் மின்கலம் சில வோல்ட்தான், ஈரக் கையோடு தொட்டாலும் ஆபத்தில்லை. சுவரைத் துளைத்து வயர் இழுக்க வேண்டியதும் இல்லை. எம்பிலிப்பிட்டியவின் வெயிலில் அது விடியும் வரை எரியும். இரத்தினபுரிப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை நாட்களில் பாதி இரவில் மங்கிவிடும். வாங்கும்போது ஊரின் வெயிலைக் கணக்கிட வேண்டும்.

கரண்ட் விளக்குத்தான் என்றால் வேலையைத் தகுதியுள்ள மின்னியலாளரிடம் கொடுங்கள். பல்ப் மாற்றுவதற்குக்கூட மெயின் சுவிட்சை அணையுங்கள். சுவரிலுள்ள சுவிட்சை நம்ப வேண்டாம், அது நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தால் அணைத்த பின்பும் ஹோல்டரில் லைவ் இருக்கும். இன்றே மீற்றருக்குப் பக்கத்திலுள்ள பெட்டியைத் திறந்து, ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது அங்கே ட்ரிப் சுவிட்சே இல்லாவிட்டால், விளக்கு வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள்.